அந்தக் கொப்பியைப் பறிக்காதீர்கள்!

பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா, சகோதரிகளே? மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே வெகு தூரத்தில் வெயிலில் மினுங்கும் சமவெளி. இடையில் ஒரு சிறிய கடைத்தெரு. அதுதான் கொஸ்லந்த. இன்னும் சில கிலோமீற்றர் போனால், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். நான் இங்கே சொல்லப்போவது அந்தக் கடைத்தெருவில், ஒரு வீட்டில் நான் பார்த்த ஒரு கொப்பியைப் பற்றி.

மக்ரிப் தொழுது முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த அறையில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து வரும் ஏதோ ஒரு தொடர் நாடகம். ஒரு பெண் விம்மி விம்மி அழும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. வீட்டுக்கார உம்மா திடீரென்று எழுந்து போய், ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

“பாருங்க ராத்தா, இவள் செய்ற வேலைய! சோதனைக்குப் படிக்கச் சொன்னா, ஒளிச்சு வச்சு நாடகம் எழுதுறாள். இதால சோறு கெடைக்குமா? நம்மட வீட்டுப் பொம்புளப் புள்ளைக்கு இது சரியா?”

பதினைந்து வயதுப் பெண். கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கொப்பியைப் பிரித்தேன். முத்து முத்தான எழுத்து. காட்சி 1, காட்சி 2 என்று முறையாகப் பிரித்திருந்தாள். கதாநாயகி தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகள். அவளுடைய பள்ளித் தோழி கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. நம் ஊரின் கதைதான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மொத்தம் 11 காட்சிகள். அதில் 9 காட்சிகளில் கதாநாயகி அழுகிறாள்!

“ஏன் மகள், இவள் இப்படி அழுதுகொண்டே இருக்கிறாள்?” என்று கேட்டேன்.

“நாடகமெண்டா அப்படித்தானே மாமி?” என்றாள்.

உம்மாவின் கேள்வி இரண்டு. மகளின் கேள்வி ஒன்று. மூன்றுக்கும் அன்றைக்கு என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பெண்மணியின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி ஒளித்து வைக்கப்பட்டிருக்கலாம் அல்லவா?

சோப்பு விற்கப் பிறந்த நாடகம்

தொடர் நாடகத்தை ஆங்கிலத்தில் ‘சோப் ஒபரா’ என்கிறார்கள். ஏன் தெரியுமா? 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் வேளையில் வீட்டுப் பெண்களுக்காகத் தொடர் நாடகங்கள் ஒலிபரப்பானபோது, அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் சவர்க்காரம் தயாரித்த கம்பனிக்காரர்கள்! நாடகம் கேட்கும் பெண்தான் சவர்க்காரம் வாங்குபவள் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்த நாடக வகையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்தான். சிக்காகோ நகரில் பிறந்த இர்னா பிலிப்ஸ். ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1930 இல் அவர் எழுதிய ‘பெயின்டட் டிரீம்ஸ்’ என்ற வானொலித் தொடரே இந்த வகைக்கு முன்னோடி என்பார்கள். 1937 இல் அவர் தொடங்கிய ‘தி கைடிங் லைட்’ வானொலியில் ஆரம்பித்து, 1952 இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை ஓடியது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! 1973 இல் அவர் இறந்த பின்னும் அவருடைய கதை ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

சரி, அது அமெரிக்கா. நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், நாடகம் எழுதிப் பேர் வாங்கியதுண்டா? உண்டு. அவர் பெயர் ஹஸீனா முயீன்.

கான்பூரில் பிறந்த பிள்ளை

1941 நவம்பர் 20 ஆம் திகதி இந்தியாவின் கான்பூர் நகரில் பிறந்தார் ஹஸீனா. நாடு இரண்டாகப் பிரிந்தபின் அவருடைய குடும்பம் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த ஊரை விட்டுவிட்டுப் புதிய ஊரில் வேர் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை மலையகத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் கராச்சி அவருடைய ஊராயிற்று.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே ஓர் உள்ளூர் இதழில் ‘பாய் ஜான்’ என்ற பத்தியை எழுதத் தொடங்கினார் இவர். ஏழாம் வகுப்பென்றால் எத்தனை வயதென்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் யாரேனும் கொப்பியைப் பிடுங்கி எறிந்திருந்தால், பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

ஆனால் எழுத்துக்காகப் படிப்பை விட்டாரா? இல்லை. கல்லூரிப் படிப்பை முடித்தார். கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆசிரியையானார். படிக்கும் காலத்திலேயே வானொலிக்கு நாடகம் எழுதினார். ரேடியோ பாகிஸ்தானின் கராச்சி நிலையத்தில் ‘ஸ்டூடியோ நம்பர் 9’ என்ற நாடக நிகழ்ச்சி அப்போது புகழ்பெற்றிருந்தது. அதற்கு எழுதியே கை பழகினார்.

வானொலி நாடகம் எழுதுவது நல்ல பயிற்சி, சகோதரிகளே. அங்கே முகம் தெரியாது, உடை தெரியாது, வீடு தெரியாது. எல்லாவற்றையும் பேச்சினாலேயே காட்டியாக வேண்டும். யார் பேசுகிறார்கள் என்று பெயர் சொல்லாமலே கேட்பவருக்கு விளங்க வேண்டும். ஹஸீனாவின் வசனங்கள் பின்னாளில் வீட்டில் நாம் பேசுவதைப் போலவே அமைந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பெருநாளைக்கு ஒரு நாடகம்

கராச்சித் தொலைக்காட்சி நிலையம் 1960களில்தான் தொடங்கியது. பெருநாளைக்கு ஒரு நாடகம் எழுதித் தரும்படி ஹஸீனாவைக் கேட்டார்கள். கேட்டவர், அப்போது தொலைக்காட்சியில் பணியாற்றிய கவிஞர் இஃப்திகார் ஆரிஃப். ‘ஹெப்பி ஈத் முபாரக்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதிக்கொடுத்தார். வீட்டார் எல்லோரும் கூடியிருந்து சிரிக்கும்படியான நாடகம். அது பலருக்கும் பிடித்துப்போகவே, தொலைக்காட்சிக் கதவு அவருக்கு அகலத் திறந்தது.

அதன்பின் ‘அங்கிள் உர்ஃபி’, ‘கிரன் கஹானி’, ‘ஸேர் ஸபர் பேஷ்’ என்று தொடர்கள் வரிசையாக வந்தன. (பழைய ஓதற்பள்ளிகளில் நாம் கூட்டி ஓதிய அதே ஸபர், ஸேர், பேஷ்தான்!) அந்நாளில் பாகிஸ்தான் தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு நாவலைத் தழுவியே எழுதப்பட்டன. தொலைக்காட்சிக்கென்றே சொந்தமாகப் புனையப்பட்ட முதல் தொடர் என்ற பெயர் ‘கிரன் கஹானி’க்கு உண்டு. 1976 இல் வந்த ‘பர்ச்சாயியான்’ அந்த நாட்டின் முதல் வர்ணத் தொடர். இத்தனைக்கும் நடுவில் அவர் ஆசிரியத் தொழிலை விட்டுவிடவில்லை.

“இதால சோறு கெடைக்குமா?” என்று கேட்ட உம்மாவுக்கு இதுவே என் பதில். எழுத்தை மட்டும் நம்பி அடுப்பேற்றுவது ஆரம்பத்தில் யாருக்கும் எளிதல்ல. ஹஸீனாவும் அப்படி நம்பவில்லை. ஒரு கையில் தொழில், மறு கையில் பேனை. படிப்பா எழுத்தா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். படித்துக்கொண்டே எழுதட்டும். சோதனை முடியும்வரை கிழமைக்கு ஒரு நாள் எழுதட்டும். எழுதுகிற பிள்ளை பாடத்தில் பின்தங்கும் என்று யார் சொன்னது?

அழுதுகொண்டே இராத கதாநாயகிகள்

இனி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நாடகமென்றால் அழத்தான் வேண்டுமா?

1982 இல் ‘அன்கஹீ’ என்ற தொடர் வந்தது. ‘சொல்லப்படாதவை’ என்று பொருள். கதாநாயகி ஸனா. துடுக்கும் குறும்பும் நிறைந்த பெண். குடும்பத்தில் பணமுடை. சின்னத் தம்பிக்கு இதய நோய். வேறு நாடகமென்றால் என்ன நடந்திருக்கும்? கதாநாயகி மூலையில் உட்கார்ந்து கண்ணீர் வடித்திருப்பாள். பணக்காரன் ஒருவன் வந்து காப்பாற்றியிருப்பான். ஹஸீனாவின் ஸனா ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறாள். வேலையில் தடுமாறுகிறாள், பிழை விடுகிறாள், சமாளிக்கிறாள், சிரிக்க வைக்கிறாள். துயரம் இல்லாத கதையல்ல அது. துயரத்தின் நடுவிலும் அந்தப் பெண் எழுந்து நடமாடுகிறாள்.

1987 இல் வந்த ‘தூப் கினாரே’யின் கதாநாயகி ஸோயா ஒரு டொக்டர். தந்தையின் செல்ல மகள். ஆஸ்பத்திரியில் விளையாட்டுப் பிள்ளையாக வந்து, பொறுப்புள்ள டொக்டராக வளருகிறாள். அதை இயக்கியவரும் ஸாஹிரா காஸ்மி என்ற பெண்மணியே. இந்தத் தொடர்கள் ஒளிபரப்பாகும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும் என்று அக்காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வீடியோ கெஸட்டுகளாக எல்லை தாண்டி இந்திய வீடுகளுக்கும் போயின. ‘தூப் கினாரே’யைத் தழுவி 2011 இல் இந்தியாவில் ‘குச் தோ லோக் கஹேங்கே’ என்ற ஹிந்தித் தொடரே எடுக்கப்பட்டது.

கவனியுங்கள். இவை ஆண்டுக்கணக்கில் இழுக்கப்பட்ட நாடகங்கள் அல்ல. அங்கே அப்போது ஒரு தொடர் என்றால் வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய 13 வாரம். மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். எழுதுகிறவருக்கு முடிவு எங்கே என்று முதலே தெரியும். வீண் காட்சிக்கு இடமிருக்காது. இன்று நாம் பார்க்கும் தினசரித் தொடர்களின் நிலை வேறு. வாரத்தில் ஐந்தாறு நாளும் ஒளிபரப்ப வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பங்கு போட்டு எழுதுகிறார்கள். பார்ப்பவர்கள் இருக்கும்வரை கதையை முடிக்க மனம் வராது. முடிக்காமல் நீட்ட வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒரு சதி, ஒரு சந்தேகம், ஒரு மாமியார், ஒரு குடம் கண்ணீர்! நம் பெண்களின் கண்ணீருக்கு இத்தனை மதிப்பு வந்தது இப்படித்தான். தம் இறுதிக்காலத்தில் தம் நாட்டு நாடகங்களும் இதே வழியில் போவதைக் கண்டு ஹஸீனா வெளிப்படையாகவே வருந்தினார். பெண்ணை அடிவாங்குபவளாகவும் அழுபவளாகவும் மட்டுமே காட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டைத் தேடிய இரு சகோதரிகள்

ஹஸீனாவின் கதைகளில் என் மனத்தை மிகவும் தொட்டது 1980களின் நடுப்பகுதியில் வந்த ‘தன்ஹாயியான்’. ‘தனிமைகள்’ என்று பொருள். ஸாரா, ஸனியா என்று இரு சகோதரிகள். ஒரு கார் விபத்தில் பெற்றோர் இருவரும் மௌத்தாகிவிடுகிறார்கள். தந்தையின் கடனை அடைக்க, வளர்ந்த வீட்டை விற்க வேண்டி வருகிறது. பிள்ளைகள் தாயின் சகோதரியிடம் போய்ச் சேருகிறார்கள். அந்த வீட்டை எப்படியும் மீட்டே தீருவேன் என்று மூத்தவள் ஸாரா உறுதி எடுக்கிறாள். இரவு பகல் பாராமல் உழைக்கிறாள். இளையவள் சிரிப்பும் கும்மாளமுமாகக் கதையை நகர்த்துகிறாள். இறுதியில் வீடு கைக்கு வருகிறது. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் உம்மாவும் வாப்பாவும் இல்லையே! வீட்டுக்காக ஓடிய ஓட்டத்தில், தன்னை நேசித்தவர்களைக்கூட விலக்கி வைத்துவிட்டோமே என்று ஸாரா அப்போதுதான் உணருகிறாள்.

இந்தக் கதையைக் கொஸ்லந்தையில் சொன்னால் யாருக்கு விளங்காது? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், பக்கத்திலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை இந்தப் பகுதி மறக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. மண்ணுக்கடியில் போன காம்பராவுக்குப் பதிலாக வேறு வீடு கட்டிக் கொடுக்கலாம். அந்த வீட்டுக்குள் யாரைத் தேடுவது? கராச்சியில் இருந்த ஓர் ஆசிரியை எழுதிய கதையும், நம் மலைச்சரிவின் துயரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பாருங்கள். நல்ல கதை செய்வது இதைத்தான்.

நம் வீட்டுப் பெண்ணுக்கு இது சரியா?

இது உம்மாவின் இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. குறைத்து மதிப்பிடக்கூடாது.

‘அன்கஹீ’, ‘தன்ஹாயியான்’, ‘தூப் கினாரே’ மூன்றும் வெளிவந்த காலம் எது தெரியுமா? ஜெனரல் ஸியாவுல் ஹக் ஆட்சி நடந்த காலம். 1977 முதல் 1988 வரை அரசுத் தொலைக்காட்சியில் கடுமையான தணிக்கை இருந்தது. பெண்களின் முக்காடு முதல் ஆணும் பெண்ணும் தோன்றும் காட்சிகள் வரை பல கட்டுப்பாடுகள். அதற்குள் நின்றுகொண்டுதான் ஹஸீனா எழுதினார். தொடாமல், நெருங்காமல், பேச்சிலும் மௌனத்திலுமே அன்பைக் காட்டினார். வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் நாடகங்களாக அவை இருந்தன. இன்று எத்தனை தொடர்களை அப்படிக் கூச்சமில்லாமல் பார்க்க முடிகிறது?

இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் ‘ஆஹட்’ என்றொரு குறுந்தொடரை எழுதினார். ‘காலடியோசை’ என்று பொருள். ஆண்பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் நிறைந்த வீடு. அடுத்தடுத்துப் பெண்பிள்ளைகளைப் பெற்று உடல் நலிந்து போகும் ஒரு தாய். பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுளிக்கும் சுற்றம். தாயின் உடம்புக்கும் ஓய்வு வேண்டும், பெண்பிள்ளையும் அல்லாஹ் தந்த அருட்கொடைதான் என்று பார்ப்பவர் நெஞ்சில் தைக்கும்படி அமைந்த கதை. மேடையில் மணிக்கணக்காகப் பேசினாலும் போகாத ஒரு செய்தி, நாடகத்தின் வழியாக அடுப்படிவரை போய்ச் சேர்ந்தது. இந்தப் பணி நம் வீட்டுப் பெண்ணுக்குச் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? கத்தியால் பழமும் நறுக்கலாம், கையையும் நறுக்கலாம். நாடகமும் அப்படித்தான். யார் எழுதுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்பதே கேள்வி.

1987 இல் பாகிஸ்தான் அரசு அவருக்குப் ‘பிரைட் ஒஃப் பெர்ஃபோமன்ஸ்’ என்ற உயர் விருதை வழங்கியது. அவர் பிறந்த இந்தியாவும் அவரைத் தேடி வந்தது. புகழ்பெற்ற ராஜ் கபூர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 1991 இல் வெளியான ‘ஹென்னா’ திரைப்படத்துக்கு வசனம் எழுதினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் புற்றுநோயோடும் போராடினார். 2021 மார்ச் 26 ஆம் திகதி, 79 ஆவது வயதில், கராச்சியில் காலமானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நம் மலையிலிருந்தும் எழுதலாம்

“அவர் கராச்சிக்காரர். பெரிய நகரம், பெரிய நிலையம். கொஸ்லந்தையில் இருந்துகொண்டு யார் எழுதுவார்?” என்று கேட்கத் தோன்றும். நம் ஊவா மண்ணிலேயே ஒருவர் இருந்தார். தெளிவத்தை ஜோசப். 1934 இல் பதுளைப் பகுதியின் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்ட மக்களின் வாழ்வைச் சிறுகதையாக, நாவலாக எழுதினார். 1975 இல் வெளிவந்த ‘புதிய காற்று’ என்ற இலங்கைத் தமிழ்த் திரைப்படத்துக்கு வசனமும் எழுதினார். 2013 இல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 இல் மறைந்தார். லயத்துப் பேச்சும் தோட்டத்து வாழ்வும் கதைக்கு ஆகாது என்று அவர் எண்ணியிருந்தால், நம்மிடம் அந்த எழுத்துக்கள் இருந்திருக்காது.

நம் கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பேச்சையும் யாராவது எழுத வேண்டாமா? கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வரும் தோட்டத்துப் பெண்ணும், நம் கடையில் கடனுக்கு அரிசி கொடுக்கும் வாப்பாவும், அவர்களுடைய பிள்ளைகள் ஒரே வாங்கில் உட்கார்ந்து படிக்கும் பள்ளிக்கூடமும் எந்தத் தொடரிலாவது வருகின்றனவா? சென்னையிலோ மும்பாயிலோ இருப்பவர்கள் இதை எழுதமாட்டார்கள். இங்கே இருக்கிறவர்கள்தான் எழுத வேண்டும்.

உம்மாமாரே! உங்கள் பிள்ளை எழுதினால் முதலில் வாசித்துப் பாருங்கள். நல்லதை நல்லது என்று சொல்லுங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள். டீவியில் நாடகம் பார்த்தால் சும்மா பார்க்க விடாதீர்கள். “இவள் ஏன் அழுகிறாள்? வேறு என்ன செய்திருக்கலாம்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே நல்ல எழுத்து பிறக்கும்.

கொஸ்லந்தையில் நான் பார்த்த அந்தக் கொப்பியை மூடி, பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். “இந்த 9 காட்சியில் நாலைத் தெரிந்தெடு. அந்த நாலிலும் அவள் அழாமல் ஏதாவது செய்யட்டும். சோதனை முடிந்த பிறகு எனக்குக் காட்டு” என்றேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, ஒரு புதுக் கொப்பி வாங்கிக்கொண்டு போக நினைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்களேன், சகோதரிகளே!